நைட் கத்தி வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, கவுன்டர் ஸ்ட்ரைக் 2 கேம்ல நைட் ஸ்கின் (கத்தி மேல வர்ற கருப்பு டிசைன்) போட்ட கத்தி வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை, ஆனா பார்க்க ஒரே கருப்பா இருக்கற கத்திக்கு ஒரு இடத்துல கம்மி விலை இன்னொரு இடத்துல பல மடங்கு, ஏன்ணா? பேசாம கேஸ் (உள்ள என்ன இருக்குன்னு தெரியாத கேம் பெட்டி) திறந்து பார்க்கட்டா?
- கல்லூரி மாணவர், பாலக்கோடு

பதில்: எல்லாம் ஃப்ளோட்ங்கற தேய்மான நம்பர் பண்ற வேலை தம்பி. 0ல இருந்து 1 வரைக்கும் ஒரு நம்பர், கம்மியா இருந்தா புதுசு, ஏற ஏற தேய்மானம். 0.07க்கு கீழ இருந்தாதான் ஃபேக்டரி நியூ, அதாவது புத்தம் புது ரகம், ஆனா நைட் ஸ்கின் ஆரம்பிக்கறதே 0.06லதான், அந்த சின்ன சந்துக்குள்ள மாட்டறது அபூர்வம், அதான் அந்த விலை. தேய்ஞ்சா கருப்பு உரிஞ்சு இரும்பு வெளுப்பா தெரியும், டார்க் ஸ்கின்ல அது அப்படியே கண்ணுல குத்தும். அதனால வாங்கறதுக்கு முன்னாடி இன்ஸ்பெக்ட் போட்டு (கேம்லயே கிட்ட வச்சுப் பாக்கற வசதி) ரெண்டு பக்கமும் திருப்பிப் பாரு. என்னைக் கேட்டா ஃபீல்ட் டெஸ்டட்டே (ஓரளவு தேய்ஞ்ச நடு ரகம்) போதும்பா, ஸ்கின் மாத்தினா கத்தியோட டேமேஜ் ஒண்ணும் ஏறப் போறதில்ல.

கேஸா? வேணாம். கத்தி விழ வாய்ப்பு சுமார் 0.26 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 400க்கு ஒண்ணு, ஒவ்வொரு தடவையும் கேஸைத் திறக்கற சாவிக்கு தனிக்காசு.

கத்தி வாங்கறது முதலீடுன்னு வேற யாராவது சொல்லுவாங்க, நம்பாதே. 2025 அக்டோபர்ல அஞ்சு சிவப்பு ஸ்கின் (கோவர்ட்ங்கற அபூர்வ ரகம்) குடுத்தா கத்தி வாங்கிக்கலாம்னு ஒரு அப்டேட் விட்டாங்க, உடனே கத்தி விலை உங்க ஊரு தக்காளி மார்க்கெட் மாதிரி சரிஞ்சுது. இன்னொண்ணு, ஸ்டீம் மார்க்கெட்ல (இந்த ஸ்கின்னை எல்லாம் வாங்கி விக்கற ஆன்லைன் சந்தை) வித்த காசு உன் ஸ்டீம் வாலட்லயேதான் கிடக்கும், பேங்குக்கு எடுக்க முடியாது.