மூட்டையில் இன்னும் ஒன்று

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். பெங்களூர் ஜாலஹள்ளியில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேன். பூர்வீகம் வேலூர்ப் பக்கம். மகன் காலாட்படையில் சிப்பாய், இப்போது காஷ்மீரில் போஸ்டிங். போன லீவுக்கு வந்தவன் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் போய்த் தன் காசில் காலுறையும் தலையில் மாட்டும் டார்ச்சும் வாங்கினான். "இதெல்லாம் அங்கே தரமாட்டார்களா?" என்று கேட்டேன். "தருவாங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டான்.

அன்றிலிருந்து யூடியூபில் வெளிநாட்டுச் சிப்பாய்களின் சாமான்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இரண்டு கேள்விகள். இத்தனை ஆராய்ச்சிக்கூடங்கள் இந்த ஊரிலேயே இருந்தும், நம் பிள்ளைகளுக்கு நவீனச் சாமான் ஏன் இவ்வளவு தாமதமாகப் போய்ச் சேருகிறது? அப்புறம், ரப்பர் குண்டு, மின்னதிர்ச்சி, மிளகாய்ப் புகை என்று ஆளைக் கொல்லாமல் மடக்கும் ஆயுதங்கள் இருக்கின்றனவே, அவற்றைச் சிப்பாய்க்கும் கொடுத்தால் என்ன? என் மகன் கையால் ஓர் உயிர் போகக்கூடாது என்று தோன்றுகிறது. ராணுவத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு இப்படி நினைப்பது தப்பா?

(மகன் பணியில் இருப்பதால் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள ஐயா,

தப்பு ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு அல்சூரில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். ராணுவப் பொறியாளர் படையான எம்.இ.ஜி.யில் (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் படையின் ஆட்களான மெட்ராஸ் சாப்பர்கள் எல்லோரும் ராணுவத்துக்குள் 'தம்பி'தான். பஞ்சாபி கர்னலும் அப்படித்தான் கூப்பிடுவார். சித்தப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, இன்னும் தம்பி. (முள்கம்பி வேலியை வெடித்து வழி திறக்கும் 'பெங்களூர் டார்பிடோ'வை 1912-இல் இந்தப் படையின் கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கினார். உலகமெங்கும் இன்னமும் அதே பெயர்தான். ஊர்ப் பெயரை மாற்றினார்கள், டார்பிடோவை யாரும் 'பெங்களூரு' ஆக்கவில்லை.)

சாப்பர் காலாட்படை இல்லை. ஆனால் காலாட்படைக்கு முன்னால் போய்க் கண்ணிவெடி எடுப்பவன், மூட்டை சுமப்பது அவனுக்கும் தெரியும். உங்கள் முதல் கேள்வியை வாசித்துக் காட்டியதும் அவர் சொன்னது: "மேல இருக்கிறவங்க புதுசா ஒண்ணு குடுப்பாங்க. பழசுல ஒண்ணைத் திருப்பி வாங்கிக்க மாட்டாங்க."

துப்பாக்கி நாலு கிலோ. குண்டு துளைக்காத ஜாக்கெட் பத்துக் கிலோவை ஒட்டி. தலையில் பட்கா என்ற குண்டு தாங்கும் காப்பைக் கட்டினால் இரண்டரை. அதற்குமேல் தோட்டா, கையெறி குண்டு, தண்ணீர், வயர்லெஸ், வயர்லெஸுக்கு பேட்டரி. ட்ரோன் கொடுத்தால் ட்ரோனுக்கும் பேட்டரி. நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் அந்த ஆள் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நிற்பான், சுடுவான். மலை ஏறுவதைக் காட்டமாட்டார்கள், கவனித்தீர்களா?

தாமதத்துக்கு ஜாக்கெட் கதையே போதும். 2009-இல் ராணுவம் மூன்றரை லட்சம் ஜாக்கெட் கேட்டது. 2016-இல் அவசரத்துக்கு 50,000 வாங்கினார்கள். 1,86,138 ஜாக்கெட்டுக்கு 639 கோடி ரூபாயில் முறையான ஒப்பந்தம் ஆனது 2018-இல். நடுவில் யாரும் தூங்கிவிடவில்லை. டெண்டர் விடுவது, மாதிரி வாங்கிச் சுட்டுப் பார்ப்பது, தேறவில்லை என்று மறுபடி டெண்டர் விடுவது என்று ஒன்பது வருடம் போயிற்று. 2009-இல் படையில் சேர்ந்த பையன் அதற்குள் நாயக்காகப் பதவி உயர்ந்திருப்பான். இப்போது அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வும் டெல்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 'அபேத்' என்று ஒரு ஜாக்கெட்டை 8.2 கிலோ வரை இறக்கியிருக்கிறார்கள், 2024-இல் அறிவித்தார்கள். ஆக ஆராய்ச்சிக்கூடத்தைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கூடத்திலிருந்து உங்கள் மகன் தோளுக்கு வரும் பாதைதான் நீளம்.

துப்பாக்கிக் கதை இன்னும் சுவாரசியம். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அது வேண்டும்.

1987 முதல் 90 வரை நம் படை இலங்கையில் இருந்தபோது சித்தப்பா யாழ்ப்பாணத்தில் இருந்தார். புலிகள் கையில் ஏ.கே. 47: முப்பது தோட்டா, விசையைப் பிடித்தால் சடசடவென்று போகும். நம்மவர் கையில் எஸ்.எல்.ஆர்.: இருபது தோட்டா, ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டும். அங்கே பார்த்ததில் சித்தப்பா என்னிடம் சொன்னது இந்த வித்தியாசம் மட்டும்தான். வேறு எதைக் கேட்டாலும் எழுந்துபோய் டீ போடுவார்.

அப்புறம் 90களின் கடைசியில் இன்சாஸ் துப்பாக்கி வந்தது. 5.56 மில்லிமீட்டர், சின்னத் தோட்டா. எடை குறைவு என்பதால் நிறைய சுமக்கலாம். படையில் இன்னொரு விளக்கமும் சொல்வதுண்டு. எதிரியைக் கொன்றால் ஒருத்தன் குறைவான்; காயப்படுத்தினால் அவனைத் தூக்கிப் போக இன்னும் இரண்டு பேர் வேண்டும், ஆக மூன்று பேர் குறைவார்கள். கணக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காஷ்மீரில் சண்டை போடும் தீவிரவாதியை யாரும் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. அடிபட்டவன் படுத்தபடியே திருப்பிச் சுடுகிறான். அதனால் மறுபடி எஸ்.எல்.ஆர். காலத்துப் பெரிய தோட்டாவுக்கே, 7.62 மில்லிமீட்டருக்கே போனார்கள். 2019-இல் சிக் 716 வகைத் துப்பாக்கி 72,400 வாங்க ஒப்பந்தம். 2021-இல் ஏ.கே. 203-க்கு இன்னொன்று, 6 லட்சத்துக்கும் மேல், அமேதி மாவட்டத்தில் கோர்வாவில் செய்வதற்கு. நவீனம் நவீனம் என்று நாம் கேட்பது நடந்துகொண்டிருக்கும் திசை இது. பட்டால் எழுந்திருக்கக்கூடாது.

இந்தத் திசையில் போகும் பையனின் மூட்டையில் கொல்லாத ஆயுதம் ஒன்றையும் வைக்கச் சொல்கிறீர்கள்.

முதலில் ஒரு வினோதம். 1993-இல் கையெழுத்தான ரசாயன ஆயுத ஒப்பந்தம் கண்ணீர்ப்புகையைப் போரில் தடை செய்கிறது. சிவாஜிநகரில் கூட்டத்தைக் கலைக்க போலீஸ் போடலாம், எல்லைக்கு அப்பால் நிற்கும் எதிரி மேல் ராணுவம் போடக்கூடாது. கேட்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் யோசித்தால் சரிதான்: எதிரே புகை வருவதைப் பார்ப்பவனுக்கு அது மிளகாயா விஷமா என்று தெரியாது. அவன் நிஜமான விஷத்தை எடுத்துவிடுவான். ஆக அஸ்ஸாமில் தேஜ்பூர் ஆராய்ச்சிக்கூடத்தில் பூத் ஜோலோக்கியா மிளகாயை வைத்துச் செய்த கையெறி குண்டு உள்நாட்டில் எறியத்தான்.

ரப்பர் குண்டு, பெல்லட் விஷயத்தில் எனக்குத் தயக்கம் வேறு. 'கொல்லாதது' என்ற அந்தப் பெயர்தான். காஷ்மீரில் 2010-இல் பெல்லட் துப்பாக்கியை அப்படிச் சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான ஈயக் குருணைகள், சுட்டதும் விரிந்து பரவும். எங்கே போய்ப் படும் என்பது சுடுபவன் கையில் இல்லை. 2016-இல் நூற்றுக்கணக்கானவர்களின் கண்ணில் பட்டது. அந்த வருடமே செப்டம்பரில் 'பாவா' என்ற மிளகாய்ச் சரக்குக் குண்டை மாற்றாகக் கொண்டுவந்தார்கள், பெல்லட் போகவில்லை. வட அயர்லாந்தில் ரப்பர், பிளாஸ்டிக் குண்டுகளால் 17 பேர் செத்தார்கள், பாதிப் பேர் பிள்ளைகள். மாஸ்கோ நாடக அரங்கில் 2002-இல் மயக்க வாயு விட்டுப் பிணைக்கைதிகளை மீட்டார்கள். அந்த வாயுவிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட பிணைக்கைதிகள் போனார்கள். நிஜத் தோட்டா என்றால் கொஞ்சம் நின்று யோசிக்கும் விரல், 'இது கொல்லாது' என்று சொல்லிக்கொடுத்தபின் யோசிக்காமல் அழுத்துகிறது.

தூத்துக்குடியைச் சொல்லி என்னை மடக்குவீர்கள். 2018 மே மாதம் போலீஸ் சுட்டு 13 பேர். அங்கே ரப்பர் குண்டு இருந்திருந்தால்? நியாயமான கேள்வி. ஆனால் அது போலீஸிடம் கேட்க வேண்டிய கேள்வி. கூட்டத்தை எதிர்கொள்வது அவர்கள் தொழில், அவர்களுக்கு அந்தச் சாமானும் அதைவிட முக்கியமாக அந்தப் பயிற்சியும் வேண்டும். உங்கள் மகனுக்குக் கற்றுக்கொடுத்தது வேறு தொழில்.

சரி, எல்லையில்? லடாக்கில் சீன எல்லையிலுள்ள கல்வானை நினைத்துப் பாருங்கள். எல்லைக்கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது என்று 1996-இல் சீனாவோடு ஒப்பந்தம். 2020 ஜூன் 15 இரவு ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. ஆணி அடித்த தடி, இரும்புக் கம்பி, கல். நம்மில் 20 பேர் போனார்கள். ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி அதில் ஒருவர். அதற்கு அடுத்த வருடம் நொய்டாவில் ஒரு சிறு நிறுவனம் வஜ்ரா, திரிசூலம் என்று பெயர் வைத்து, மின்னதிர்ச்சி தரும் தடிகளைச் செய்து காட்டியது. கொல்லாத ஆயுதம் என்றுதான் செய்தியில் போட்டார்கள். பதினாலாயிரம் அடி உயரத்தில், உறைபனி ஆற்றங்கரையில், இருட்டில் ஒருவனுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து ஆற்றில் விழவைத்தால் அவன் பிழைப்பானா என்று யாரும் எழுதவில்லை.

அப்படியானால் ஒன்றுமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. வலி தரும் சாமான் வேண்டாம், நேரம் தரும் சாமான் வேண்டும் என்கிறேன். செக்போஸ்டில் நிற்காமல் வரும் கார்தான் சிப்பாய்க்குக் கெட்ட கனவு. உள்ளே இருப்பவன் தற்கொலைப் படையா, பிரேக் பிடிக்காத டாக்ஸிக்காரனா? இருநூறு மீட்டர் முன்னாலேயே அந்த ஊர்ப் பாஷையில் ஒலிபெருக்கி, டயரைக் கிழிக்கும் ஆணிப்பட்டை, கண்ணைக் கூச வைக்கும் லேசர் விளக்கு (நிரந்தரமாகக் குருடாக்கும் லேசருக்கு 1995-லேயே தடை இருக்கிறது, கூச வைப்பதற்கு இல்லை) இதெல்லாம் இருந்தால் பத்து நொடி கிடைக்கும். அந்தப் பத்து நொடியில் டாக்ஸிக்காரன் நின்றுவிடுவான்.

இன்னும் ஒன்று. ஜாக்கெட்டை நம்புகிறவன் காத்திருப்பான். முதல் குண்டு தன்மேல் பட்டாலும் பிழைப்போம் என்று தெரிந்தால், எதிரே வருபவன் கையில் இருப்பது துப்பாக்கியா குடையா என்று பார்க்க அவனுக்குப் பொறுமை இருக்கும். இருட்டில் பார்க்கும் நல்ல கண்ணாடி இருந்தால் குடை என்று தெரிந்தே விடும். நெஞ்சு திறந்து நிற்கிறவனிடம், கண் தெரியாமல் நிற்கிறவனிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. அவன் மூட்டையில் நூறு ரப்பர் குண்டு இருந்தாலும் கை போவது நிஜத் துப்பாக்கிக்குத்தான். உங்கள் மகன் கையால் வீணாக ஓர் உயிர் போகாமல் இருக்க என்ன கொடுக்கலாம் என்று என்னைக் கேட்டால், எடை குறைந்த ஜாக்கெட்டையும் அந்தக் கண்ணாடியையும்தான் சொல்வேன். வாங்கித் தர வேண்டியவர்கள் நீங்களோ நானோ இல்லை என்பது வேறு விஷயம்.

சித்தப்பா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் அவர் மனதில் நின்றது காலுறைதான். "என்ன காலுறை வாங்கினானாம்? நைலானா?" என்றார். தெரியாது என்றேன். கம்பளிதான் வாங்க வேண்டுமாம், மூன்று ஜோடி. ஒன்று காலில், ஒன்று பையில். நனைந்த மூன்றாவதைச் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டால் நடக்கும்போதே உடம்புச் சூட்டில் காய்ந்துவிடுமாம். அடுத்த முறை போன் பண்ணும்போது மறக்காமல் சொல்லச் சொன்னார்.