முறிந்த காலில் நோ கூடினால் பொறுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, சீனி வருத்தம் உண்டு. நாலு நாளைக்கு முன் மோட்டச்சைக்கிளோடு வயல் வரம்பில் விழுந்து முழங்காலுக்குக் கீழே முறிவு. முன்பக்கம் சின்னக் காயம். பரியாரியார் (நாட்டு வைத்தியர்) மருந்துப் புக்கை வைத்து மட்டை கட்டினார். நேற்றிரவு முதல் நோவில் துடிக்கிறார், காய்ச்சலும் இருக்கிறது. கட்டு மாற்ற இன்னும் மூன்று நாள். பொறுக்கலாமா? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: பொறுக்க வேண்டாம். முதலில் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸுக்கு அழையுங்கள், மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள்.

முறிவு நோ நாளுக்கு நாள் தணிய வேண்டும். நாலாம் நாள் ஏறினால் உள்ளே கிருமி என்றே எடுக்க வேண்டும். அந்தச் சின்னக் காயம் பெரும்பாலும் உடைந்த எலும்பு முனை தோலைக் குத்திய வாசல். வயல் மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி அதனூடாகப் போய், காற்றுப் படாத நசிந்த சதையில் பெருகும். முதலில் தோல் மேலுக்கு நல்லபடியாகவே தெரியலாம். உள்ளே சதை மணிக்கணக்கில் அழுகிக்கொண்டு போகும். அழுகிய சதைக்கு இரத்தம் போகாது, ஆகவே ஊசி மருந்தும் போகாது. வெட்டிச் சுத்தம் செய்தே ஆகவேண்டும். ஓரிரு நாளில் திரும்பவும் திறந்து பார்ப்பார்கள். பெரியாஸ்பத்திரியில் காலைக் கழட்டிப்போடுவினம் என்று பயந்து பிந்துகிறார்கள். பிந்தியதால்தான் பல கால்கள் போகின்றன.

அம்புலன்ஸ் வரும்வரை காலை அசைக்காமல் கட்டுத் துணியின் முடிச்சுகளை வெட்டித் தளர்த்துங்கள். தோல் சிவந்திருந்தால் அந்தச் சிவப்பின் ஓரத்தைப் பேனையால் கோடிட்டு, பக்கத்தில் நேரம் எழுதுங்கள். கோட்டைத் தாண்டினால் வைத்தியருக்கு அதுவே சாட்சி. சாப்பாடு கொடுக்க வேண்டாம், சத்திரசிகிச்சை தேவைப்படலாம். கிளினிக் கொப்பியை எடுத்துப் போங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நோ திடீரென்று விட்டால் சந்தோஷப்படாதீர்கள். நரம்பு செத்தாலும் நோ விடும். சீனி வருத்தக்காரருக்கு முதலிலேயே கால் மரத்திருக்கலாம். நோவே இல்லாமல் அழுகும், சிலருக்குக் காய்ச்சலும் வராது. அவர்களுக்கு நோவைப் பார்க்காதீர்கள், தோலைப் பாருங்கள். ஊதா நிறம், கருநீர்க் கொப்புளம், நாற்றம், அமத்தினால் நொறுநொறுப்பு, ஆஸ்பத்திரிக்கு ஓட இதில் ஒன்று போதும்.

பார்மசியில் டைக்ளோபெனாக் வாங்கிக் கொடுத்து நோவை மூடாதீர்கள். “தெரிஞ்ச இடம் இருக்கு, கியூ இல்லை” என்று ஓட்டோவில் ஏற்றுபவர்களையும் நம்பாதீர்கள். சிலருக்கு அதில் கமிஷன் உண்டு. இரவில் சத்திரசிகிச்சை நிபுணர் இல்லாத இடத்தில் சேலைன் ஏற்றி, விடிய யாழ். போதனா வைத்தியசாலைக்கே அனுப்புவார்கள். பணத்தை விடுங்கள், போன இரவு திரும்பாது.

கட்டுப் போட்டு அனுப்பும்போது எப்போது திரும்பி வரவேண்டும் என்று ஒரு துண்டில் தமிழில் எழுதிக் கொடுக்க ஆஸ்பத்திரிக்கும் மனமில்லை, பரியாரிக்கும் மனமில்லை. ஆகவே நீங்களே வாயைத் திறவுங்கள். வெளிநோயாளர் வரிசையில் நிற்காமல் நேரே விபத்துப் பிரிவுக்குப் போய், “காயத்தோடு முறிவு, நாலு நாள், காய்ச்சல், சீனி” என்று சொல்லுங்கள். ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) போடவில்லை என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.