முதல் பிரசவம்: மருத்துவமாது போதுமா, மகப்பேற்று நிபுணர் வேண்டுமா?

முதல் பிள்ளை, வீடு சாவகச்சேரிப் பக்கம், யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே இரண்டில் ஒருவரைத் தெரிவு செய்யும் நிலை பெரும்பாலும் வராது. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது நம் மருத்துவமாது, உங்களைப் பதிவு செய்து அட்டை தருவார், வீட்டுக்கு வந்து பார்ப்பார், கிளினிக்குக்கு அனுப்புவார். பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். அங்கும் சிக்கலில்லாத பிரசவத்தைப் பெரும்பாலும் மருத்துவமாதுதான் பார்ப்பார். தேவைப்பட்டால் டொக்டர், நிபுணர்.

ஆனால் பிரசர், சீனி வருத்தம், இரட்டைப் பிள்ளை, கருப்பையில் கீழிறங்கியிருக்கும் நச்சுக்கொடி (பிளசென்டா), தலை திரும்பாத பிள்ளை, இதில் ஒன்று இருந்தாலும் நிபுணரின் கண்காணிப்பு கட்டாயம். அப்படியானால் யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினால் தூரம் என்று தயங்க வேண்டாம்.

காசு கொடுத்து சனல் பண்ணி, அதாவது தனியாரில் நிபுணரிடம் நேரம் பதிந்து, காட்டுவது உங்கள் விருப்பம். அதற்காக அந்த நிபுணரே அரச ஆஸ்பத்திரியில் பிரசவக் குத்து நேரம் முழுக்கப் பக்கத்தில் நிற்பார் என்று எண்ணாதீர்கள்.

அப்புறம், இரத்தம் பட்டாலோ, பன்னீர்க்குடம் உடைந்தாலோ, கடும் தலையிடியோடு கண் மங்கினாலோ, பிள்ளையின் துடிப்பு (அசைவு) குறைந்தாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.