பக்கம் மாறாமல் படிவம் போய்ச் சேர

கேள்வி: தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதிய எங்கள் கோவிலுக்கு ஓர் இணையப் பக்கம் செய்தோம். பக்கம் மாறாமல் இருக்க, பின்னணியிலேயே சர்வரோடு பேசும் ஜாவாஸ்கிரிப்ட் வசதியான ஃபெட்ச் வழியாக அனுப்புகிறோம். 'பதிவாகிவிட்டது' என்று வருகிறது; ஆனால் சிலர் பெயர் பட்டியலில் இல்லை, சிலர் பெயர் இரண்டு முறை இருக்கிறது. ஏன்?
– வாசகர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

சர்வர் 404, 500 என்று பிழை சொன்னாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாது. இணைப்பு அறுந்தால் பிழையைக் கையாளும் கேட்ச் பகுதிக்குப் போகும். சர்வர் மறுத்தால் போகாது. ரெஸ்பான்ஸின் (சர்வர் தரும் பதிலின்) 'ஓகே' மதிப்பைப் பாருங்கள்; 200 முதல் 299 வரையிலான பதிலுக்குத்தான் அது ட்ரூ. அதுவும் போதாது. லாகின் காலாவதியாகி சர்வர் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், ஃபெட்ச் சத்தமில்லாமல் பின்தொடர்ந்து 200 வாங்கி வந்துவிடும். எனவே சர்வர் பதிவு எண்ணை ஜேசன் என்னும் தரவு வடிவில் அனுப்பட்டும். எண் கைக்கு வந்தால் மட்டும் வெற்றிச் செய்தி காட்டுங்கள், அந்த எண்ணோடு.

இரட்டைப் பதிவுக்குப் பட்டனை முடக்குவது பாதி மருந்துதான். சர்வர் எழுதி முடித்த பிறகு பதில் வழியில் தொலைந்தால், பக்தர் மறுபடி அழுத்தத்தானே செய்வார்? படிவம் திறக்கும்போதே ஒரு தனி அடையாள எண் உருவாக்கி மறைபுலத்தில் வையுங்கள். பிரவுசரிலேயே உள்ள கிரிப்டோவின் ரேண்டம்யூயூஐடி போதும். ஹெச்டிடிபிஎஸ் தளத்தில்தான் அது கிடைக்கும். டேட்டாபேஸில் அந்த அடையாளத்துக்கான நெடுவரிசைக்கு, ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். அதே அடையாளம் திரும்ப வந்தால் புதிதாக எழுதாமல் பழைய பதிவு எண்ணையே அனுப்புங்கள். ஒன்றை மறக்கவே கூடாது: வெற்றிக்குப் பின் அடையாளத்தை மாற்ற வேண்டும். பக்கம் மாறாததால் பழையதே உள்ளே இருக்கும். தன் பெயரைப் பதிந்த கையோடு மகன் பெயரையும் பதியும் தாய்க்கு, மகன் பதிவு விழுங்கப்பட்டுவிடும்.

அனுப்பும் ஸ்கிரிப்ட்டைப் பட்டனின் கிளிக்கில் கட்டாமல் படிவத்தின் சப்மிட்டில் கட்டுங்கள். அப்போதுதான் கட்டாயப் புலங்களை பிரவுசர் முதலில் சோதிக்கும். படிவ விவரங்களைத் திரட்டும் ஃபார்ம்டேட்டாவை அனுப்பும்போது, தரவின் வகையைச் சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெட்டரை நீங்கள் எழுதாதீர்கள். எழுதினால், பகுதிகளைப் பிரிக்கும் எல்லைக்குறி விடுபட்டு, சர்வருக்குப் படிவம் காலியாகத் தெரியும். ஆக்‌ஷன், மெத்தட் (படிவம் போகும் முகவரி, போகும் முறை) இரண்டும் படிவத்தில் இருக்கட்டும்: ஸ்கிரிப்ட் இறங்காத போனிலும் பழைய முறையில் பதிவு நடக்கும். அப்போது அடையாளம் காலியாக வந்தால் சர்வரே ஒன்றை உருவாக்கிக்கொள்ளட்டும்.

கேள்வி: புகைப்படம் ஏறும்போது எத்தனை சதவீதம் என்று காட்ட முடியுமா?
– வாசகி, போர்ட் லூயிஸ்

பதில்: ஃபெட்ச்சில் அதற்கு நேரடி வழியில்லை. பழைய எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட்டையே எடுங்கள். அதன் அப்லோடில் புரோக்ரஸ் நிகழ்வு உண்டு. அதுவரை போன அளவான லோடடை மொத்த அளவான டோட்டலால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 100 வந்தால் படம் அனுப்பியாயிற்று என்றுதான் பொருள். சேமித்ததா என்பதை சர்வரின் பதில்தான் சொல்லும். அதுவரை 'சேமிக்கிறோம்' என்றே காட்டுங்கள்.