பேர் வெட்டிய பாத்திரம்

அன்புள்ள சார்,

கதை பற்றி இல்லாமல் கம்ப்யூட்டர் பற்றி எழுதுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் லினக்ஸில்தான் எழுதுகிறீர்கள் என்று ஒரு பழைய கட்டுரையில் படித்தேன். புதிதாக 1 டிபி எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கியிருக்கிறேன். டெபியன், ஃபெடோரா, மின்ட் என்ற மூன்று லினக்ஸ் வகைகளையும் போட்டுப் பார்க்க ஆசை. மூன்றுக்கும் ஹோம் பார்ட்டிஷனை, அதாவது பயனரின் கோப்புகள் இருக்கும் டிஸ்க் பகுதியை, பொதுவாக வைக்கலாமா? என் எழுத்து, படங்கள் எல்லாம் தனிப் பார்ட்டிஷனில் இருந்துவிட்டால் அதுவே ஒரு பேக்கப் மாதிரிதானே? ஸ்வாப் (மெமரி போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்) மூன்று வேண்டுமா? கடைசியாக, லினக்ஸ் பயன்படுத்துவதை ஓர் அரசியல் நிலைப்பாடு என்று சொல்லலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். நான் லினக்ஸுக்கு வந்தது அன்றைக்குக் கையில் காசு இல்லாததால். நிலைப்பாடெல்லாம் பின்னால் நாமாகக் கட்டிக்கொள்வது. விடுங்கள்.

ஹோமைப் பொதுவாக வைக்காதீர்கள். அதற்குள் உங்கள் கோப்புகள் மட்டுமா இருக்கின்றன? புள்ளியில் பெயர் தொடங்கும், கண்ணுக்குத் தெரியாத அமைப்புக் கோப்புகள் ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. ஃபெடோராவின் புது ஃபயர்ஃபாக்ஸ் தொட்ட புரொஃபைலை டெபியனின் பழைய ஃபயர்ஃபாக்ஸ் திறக்க மறுக்கும், 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்தே அப்படித்தான். டெஸ்க்டாப் அமைப்புகளும் ஒன்றையொன்று கலைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் 60 ஜிபி கொடுங்கள், ஹோம் அந்தந்த ரூட்டுக்குள்ளேயே, அதாவது அந்த லினக்ஸை நிறுவிய பார்ட்டிஷனுக்குள்ளேயே, இருக்கட்டும். கணினியைத் தொடக்கிவைக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் 1 ஜிபி, மூன்றுக்கும் பொது. மிச்சம் முழுவதும் ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறையில் ஒரே தரவுப் பார்ட்டிஷன், அதில் ஆவணங்கள், படங்கள், பாட்டுகள் என்று ஃபோல்டர்கள், ஒவ்வொரு ஹோமிலிருந்தும் அவற்றுக்கு ஒரு சிம்லிங்க், அதாவது குறுக்குவழி. மூன்றிலும் நிறுவும்போது முதலில் உருவாக்கும் பயனர் நீங்களாகவே இருங்கள். மூன்றுமே முதல் பயனருக்கு 1000 என்ற எண்ணைத்தான் கொடுக்கும், கோப்பின் உரிமையாளரை லினக்ஸ் அந்த எண்ணை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. இல்லையென்றால் உங்கள் கோப்பையே திறக்க முடியாமல் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

ஆனால் அந்தப் பேக்கப் வரியைப் படித்ததும் உங்களைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும் போலிருந்தது. ஒரே டிஸ்க்கில் கோடு போட்டுப் பிரித்துவிட்டு அதைப் பேக்கப் என்கிறீர்கள். எஸ்எஸ்டி செத்தால் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்தா சாகும்? படித்தவர்தானே நீங்கள்? வெளியில் வைக்க இன்னொரு டிஸ்க் வாங்குங்கள். அது வரும்வரை இன்ஸ்டால் பொத்தான் பக்கமே போகாதீர்கள்.

சரி, நான் பேச நினைப்பது நீங்கள் கேட்காத ஒன்றை. பார்ட்டிஷனுக்குப் பேர் வைப்பதை.

போன வாரம் ஊரில் பரணை ஒழித்தோம். எவர்சில்வர் குடம், அண்டா, தூக்கு, டபரா என்று இறங்கிக்கொண்டே இருந்தது, எல்லாவற்றிலும் அம்மாவின் இனிஷியல் வெட்டியிருக்கிறது. அன்பளிப்பாக வந்தவற்றில் கொடுத்தவர் பேரும் தேதியும். சின்ன வயதில் பாத்திரக்கடைக்கு அம்மாவோடு போனால் எனக்குப் பிடித்தது அந்தப் பேர் வெட்டும் பையன்தான். ஒயர் மாட்டிய பேனா மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ட்ர்ர்ர் என்ற சத்தத்தோடு, புள்ளி புள்ளியாக எழுத்து விழும். கூடையில் பத்துப் பாத்திரம் இருந்தாலும் அம்மா ஒவ்வொன்றாக நீட்டி வெட்டவைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். கரண்டிக்கு எதற்கம்மா பேர் என்று ஒருமுறை கேட்டேன். "கல்யாண வீட்டுக்குப் போனா கரண்டிதான்டா முதல்ல தொலையும்" என்றாள்.

இதைப் பார்த்து வளர்ந்த நான், 2009இல், 80 ஜிபி டிஸ்க்கில் உங்களைப் போலவே பிரிக்கும் வேலையைச் செய்தேன், பேர் வைக்காமல். அப்போது டிஸ்க்கைப் பிரிக்க எம்பிஆர் என்ற முறை. நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் கிடையாது, அதற்கு மேல் வேண்டுமென்றால் எக்ஸ்டென்டட் ஒன்றைப் போட்டு அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்கள், அவை 5இலிருந்து எண்ணப்படும். 5இல் பழைய லினக்ஸ், 6 சோதனைக்கு, 7இல் என் தரவு. பழையது வேண்டாமென்று 5ஐ அழித்தேன். லாஜிக்கலில் ஒன்றை அழித்தால் பின்னால் இருப்பவை ஒரு எண் முன்னால் நகர்ந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. நேற்றுவரை 7 ஆக இருந்தது இன்று 6. இரவு ஒரு மணிக்கு இன்ஸ்டாலர் எங்கே நிறுவட்டும் என்று கேட்டது. 6 சோதனைக்கு என்பது மனப்பாடம். ஃபார்மேட் என்ற கட்டத்தில் டிக் போட்டு என்டரைத் தட்டினேன். இரண்டு பார்ட்டிஷனும் ஒரே அளவு, அதனால் அளவும் காட்டிக்கொடுக்கவில்லை.

உள்ளே இருந்தது அம்மாவின் குரல். அவள் பிறந்த ஊர்க் கதைகளை ஒரு மலிவான எம்பி3 பிளேயரில் பதிந்து வைத்திருந்தேன், பதினோரு மணி நேரம். ஃபோட்டோரெக் என்ற கருவியை ஓடவிட்டு ஓரளவு மீட்டேன். அது கோப்பை மீட்டுத் தரும், பேரை மீட்காது. எஃப் என்ற எழுத்தும் பின்னால் ஒரு நீண்ட எண்ணுமாக நூற்றுக்கணக்கில் கொட்டியது, எது அம்மா, எது சினிமாப் பாட்டு என்று திறந்து கேட்டால்தான் தெரியும். ஒரு மாதம் கேட்டேன்.

இப்போதெல்லாம் ஜிபிடி என்ற புது முறை, 128 பார்ட்டிஷன்கள் வரை இடம் உண்டு, ஒன்றை அழித்தால் மற்றவற்றின் எண் நகராது என்பீர்கள். உண்மைதான். ஆனால் இரண்டு என்விஎம்இ (ஒரு வகை எஸ்எஸ்டி) டிஸ்க் மாட்டினால் எது 0, எது 1 என்பது ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் மாறக்கூடும். எஃப்எஸ்டேப்பில் (எந்தப் பார்ட்டிஷன் எங்கே சேர வேண்டும் என்று சொல்லும் கோப்பு) யுயுஐடி, அதாவது பார்ட்டிஷனின் தனி அடையாள எண், போடுங்கள், அது கணினிக்கு. உங்கள் கண்ணுக்கு லேபிள். ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவியில் வலது கிளிக்கில் இருக்கிறது, அரை நிமிட வேலை. டெபியன், ஃபெடோரா, மின்ட் என்று ரூட்டுகளுக்கும் வையுங்கள், தரவுக்குக் கட்டாயம் வையுங்கள், ஃபார்மேட் செய்வதற்கு முன் அந்தப் பேரை வாய்விட்டுப் படியுங்கள். ஈஎக்ஸ்டி4இல் லேபிளுக்கு 16 பைட்தான் இடம். யுனிகோடின் யுடிஎஃப்-8 வடிவத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் தின்னும், புள்ளியும் துணைக்காலும் தனித்தனியாக. "கதைகள்" 18 பைட், உள்ளே போகாது. "தரவு" 12, போகும். "அம்மா" 15. என்னுடையதில் அதுதான் இருக்கிறது.

தொலைந்தவற்றை அம்மா மறுபடி சொன்னாள், சலிக்காமல். கண்மாய் உடைந்த இரவில் நீந்திக் கரையேறிய மாடு இந்த முறை மயிலை. முதல் தடவை செவலை என்றல்லவா சொன்னாய் என்றேன். சொல்லவே இல்லை என்று சாதித்தாள். மீட்ட கோப்புகளைத் துழாவி அந்தத் துண்டைக் கண்டுபிடித்துப் போட்டுக் காட்டினேன். தன் குரலையே தலையைச் சாய்த்துக் கேட்டவள், "அது வேற மாடுடா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஸ்வாப் கேட்டிருந்தீர்கள் அல்லவா. மூன்றுக்கும் ஒன்று போதும், ஆனால் ஹைபர்நேட் (மெமரியில் இருப்பதை ஸ்வாப்பில் எழுதிவிட்டு அணைப்பது) செய்யாதீர்கள். அப்புறம், இரண்டாவது, மூன்றாவதை நிறுவும்போது இன்ஸ்டாலர் ஸ்வாப்பை மறுபடி ஃபார்மேட் செய்தால் அதன் யுயுஐடி மாறிவிடும், முதலில் போட்டது பூட் ஆகும்போது 90 விநாடி அதைத் தேடிக்கொண்டு நிற்கும். பதறாமல் எஃப்எஸ்டேப்பில் திருத்துங்கள்.

அன்புடன்.