தோட்டத்து ரயிலுக்குப் புதியவர்கள்

கேள்வி: ராயபுரத்தில் வீட்டுப் பின்கட்டில் 45 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம் போட்டுச் சிறு ரயில் ஓட்டுகிறேன். வருபவர்கள் வியந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களை இதில் ஈடுபட வைப்பது எப்படி?

பதில்: வந்தவுடனே ரிமோட்டை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். துளசி மாடத்தைச் சுற்றிவரும் வண்டியைத் தானே வேகம் குறைத்து நிறுத்திப் பார்த்த சிறுமி, மறுவாரமும் அம்மாவை இழுத்துக்கொண்டு வருவாள். கடற்காற்றில் பித்தளைத் தண்டவாளம் கறுத்து, அதன் வழியே இன்ஜினுக்குப் போகும் மின்னோட்டம் தடைபடும். அதை ஓயாமல் தேய்க்கும் வேலையே புதியவர்களைச் சலிப்படையச் செய்யும் என்பதால், தொடக்கத்தில் பேட்டரி இன்ஜினையே வாங்கச் சொல்லுங்கள். 1856-இல் திறக்கப்பட்ட உங்கள் ராயபுரம் நிலையத்தின் தூண்களை அட்டையில் செய்து பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். 1955 முதல் ரயில் பெட்டிகள் தயாரிக்கும் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர்களையும் மறவாமல் அழையுங்கள். வளைவில் பெட்டி ஏன் தடம்புரள்கிறது என்பதை அவர்கள் குனிந்து தொட்டுக் காட்டிவிடுவார்கள்.