கிரஹாம் தாமஸ் ரோஜாவில் ஏன் வாசனை இல்லை?

வாங்கிய கிரஹாம் தாமஸ் ரோஜா மணக்கவில்லை, வேறு செடி வந்துவிட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். செடி மாறி வரவில்லை, திருப்பி அனுப்பாதீர்கள். கெர்ட்ரூட் ஜீக்கில் ரோஜா தூக்கலாக மணப்பதும், பக்கத்திலேயே இருக்கும் மஞ்சள் கிரஹாம் தாமஸ் மூக்கருகே வைத்தாலும் மணக்காததுபோல் இருப்பதும் இயல்புதான். இரண்டும் இங்கிலாந்தின் ரோஜா வளர்ப்பாளர் டேவிட் ஆஸ்டின் உருவாக்கியவை என்றாலும் மணத்தில் வேறு வேறு சாதி. 1986-இல் வந்த ஜீக்கிலுக்கு கோம்த் த ஷம்போர் என்ற பழைய ரோஜாவின் ரத்தம், அத்தர் வாசனை. 1983-இன் கிரஹாம் தாமஸுக்குத் தேயிலை மணம், அதுவும் ஜீக்கிலைவிட மெல்லியது.

ஜூலை வெயிலில் மாலை ஆறு மணிக்கு முகர்ந்து பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மணம் இதழ்களில் இருக்கும் எண்ணெயிலிருந்து வருவது. நாள் முழுக்கக் காய்ந்த, நன்றாக விரிந்துவிட்ட பூவில் அது பறந்துபோயிருக்கும். ஜீக்கிலுக்கு அதற்குப் பிறகும் மிச்சம் இருக்கும், கிரஹாம் தாமஸுக்கு இருக்காது.

இப்படிச் செய்து பாருங்கள்:

1. காற்றில்லாத காலை, பனி காய்ந்ததும் போங்கள்.
2. நடு இதழ்கள் இன்னும் கிண்ணம்போல் மூடியிருக்கும் பாதி விரிந்த பூவாக எடுங்கள்.
3. கிரஹாம் தாமஸை முதலில் முகருங்கள். ஜீக்கிலை முதலில் முகர்ந்தால் மூக்கு அதிலேயே நின்றுவிடும்.

தேயிலைப் பெட்டியைத் திறந்ததுபோல் ஒரு இளமணம் அநேகமாகத் தெரியும்.

ஒன்று மட்டும்: எவ்வளவு பராமரித்தாலும் இது ஜீக்கில் அளவுக்கு மணக்காது. மஞ்சளிலேயே மணம் தூக்கலாக வேண்டுமென்றால் கோல்டன் செலிப்ரேஷன் வாங்கி வையுங்கள். ஆனாலும் கிரஹாம் தாமஸைப் பிடுங்கிவிடாதீர்கள், அந்த மஞ்சள் வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.